டார்ட் போர்டுக்குப் பெட்டி: செய்ய வேண்டியவை, செய்யக்கூடாதவை

ஜொகூரில் டார்ட் போர்டுக்கு மரப்பெட்டி செய்ய இறங்குகிறவருக்கு எதிரிகள் இரண்டு. ஒன்று, குறி தப்பிச் சுவரைக் குத்தும் டார்ட். இன்னொன்று, வருஷம் முழுக்க வீட்டுக்குள் சுற்றும் ஈரக்காற்று. இணையத்தில் கிடைக்கும் வரைபடங்களில் பெரும்பாலானவை குளிர் நாட்டுக்காரர்கள் போட்டவை. முதல் எதிரியை அவர்கள் நன்றாகவே சமாளித்திருப்பார்கள். இரண்டாவது எதிரி அவர்கள் ஊரில் வேறு மாதிரி வேலை செய்கிறது: குளிர்காலத்தில் ஹீட்டர் போட்டால் மரம் வற்றிச் சுருங்கும். நம் ஊரில் மரம் ஈரம் குடித்து உப்பும். அவர்கள் படத்தை அப்படியே எடுத்து ஸ்கூடாயிலோ மாசாயிலோ ஒரு தாமான் வீட்டில் செய்து மாட்டினால், நவம்பர் மழை தொடங்கியதும் இரண்டு கதவும் நடுவில் முட்டிக்கொண்டு சாத்த மறுக்கும்.

2025 ஜனவரியில் 17 வயது லூக் லிட்லர் உலகச் சாம்பியன் ஆனபோது டார்ட் பார்க்காதவர்களும் பார்த்தார்கள். நமக்குப் பாலத்துக்கு அந்தப் பக்கமே ஒரு பெரிய பெயர் உண்டு. சிங்கப்பூரில் பிறந்த பால் லிம், 1990 உலகச் சாம்பியன் போட்டியில் ஒன்பதே டார்ட்டில் 501 புள்ளியையும் முடித்தார். அந்தப் போட்டியில் அதைச் செய்த முதல் ஆள் அவர்தான். நம் வீட்டு ஹாலில் எறிகிறவர்களுக்கு ஒன்பது டார்ட்டில் ஆட்டம் முடியாது. அதில் இரண்டு மூன்று சுவருக்குத்தான் போகும். பெட்டி அந்த இரண்டு மூன்றுக்காக. வார இறுதியில் கார் போர்ச்சில் பலகை அறுக்கிறவர்களை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். தொழில்முறைத் தச்சருக்கு இதில் பாதி தெரிந்த சங்கதி.

மரம் வாங்குவது

ரப்பர் மரத்தில் தொடங்குங்கள். மலேசியாவின் மரச்சாமான் ஏற்றுமதியில் முன்னே நிற்கும் மாநிலம் ஜொகூர். அதற்குள் மூவார்தான் பெரிய ஊர். அந்தத் தொழிலைத் தூக்கி நிறுத்தியது ரப்பர் மரம். 25, 30 வருஷம் பால் தந்து ஓய்ந்ததும் தோட்டத்தில் மரத்தை வெட்டிச் சாய்த்து மறுநடவு செய்வார்கள். 1970களின் கடைசி வரைக்கும் சாய்த்த மரம் பெரும்பாலும் விறகுதான்: ரப்பர் ஷீட் காயவைக்கும் புகைக்கூடத்தில் எரிந்தது, செங்கல் சூளைக்குப் போனது. நம் தாத்தா பாட்டிகள் விடிவதற்கு முன் நெற்றி விளக்கோடு போய்க் கோடு போட்ட மரம், அவர்கள் அடுப்பிலேயே எரிந்து போன மரம், இப்போது கப்பலேறும் நாற்காலி. தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்கள் அதில் ஒரு பெட்டி செய்து சுவரில் மாட்டுவதில் தனித் திருப்தி உண்டு என்பது என் கட்சி. அதை விட்டுவிட்டாலும் காரணங்கள் போதும்: மரம் வெளிர் நிறம், அறுக்கவும் இழைக்கவும் இணக்கம், எந்தச் சாயமும் பிடிக்கும், சுருங்குவதும் உப்புவதும் மிதம், கிட்டத்திலேயே கிடைக்கும்.

தோட்டத்தில் சும்மா கிடைக்கிறது என்று கட்டையைத் தூக்கி வராதீர்கள். ரப்பர் மரத்தில் மாவுச்சத்து அதிகம். வெட்டிய சில நாளிலேயே பூஞ்சை பிடித்து நீலக்கறை ஏறும். பிறகு வண்டு வந்து முட்டையிடும். தொழிற்சாலையில் வெட்டிய கையோடு மரத்தை போராக்ஸ், போரிக் அமிலக் கரைசலில் அழுத்தம் கொடுத்து ஊறவைத்து, உடனே சூளையில் காயவைப்பது இதனால்தான். கார் போர்ச்சில் அதைச் செய்ய முடியாது. பழைய பலகை ஏதாவது கையில் இருந்தால் ஒரு செய்தித்தாளை விரித்து அதன்மேல் பலகையைச் செங்குத்தாக நிறுத்தி நான்கு தட்டுத் தட்டுங்கள். ஊசி குத்தியது போன்ற துளைகளும், தாளில் ரவையை விடப் பொடியான மாவும் தெரிந்தால் மரம் உளுத்துவிட்டது. அதை வீட்டுக்குள் கொண்டு போகாதீர்கள். வண்டு பெட்டியோடு நிற்காது, பக்கத்தில் இருக்கும் மேசைக்கும் பரவும்.

கடையில் கேட்டு வாங்குங்கள். பலகைக் கடையில் ‘காயு கெத்தா’ என்றால் எடுத்துக் காட்டுவார்கள். “தவுக்கே, இது கில்ன் ட்ரை போட்டதா?” என்ற ஒரு கேள்வியை மட்டும் விடாமல் கேளுங்கள். சின்னச் சின்னத் துண்டுகளை விரல் கோத்தது போலக் கோத்து ஒட்டி, அகலப் பலகையாகச் செய்து விற்கிறார்கள், 18 மி.மீ. கனம் நமக்குப் போதும். கோத்த இடத்தில் நிறம் மாறி மாறி வரும். அது பிடிக்காதவர்கள் நியாத்தோ மரம் பார்க்கலாம். எனக்கு அந்த நிற மாற்றம் பிடிக்கும்.

செங்கால் மரம் வேண்டாம். பழைய கம்பத்து வீடு இடிக்கும்போது செங்கால் துண்டு கிடைத்தால் யாருக்கும் ஆசை வரும். அதைக் கதவுக்கும் வாசற்படிக்கும் வையுங்கள். டார்ட் பெட்டிக்கு அது அநியாய கனம். அறுப்பதற்குள் ரம்பத்தின் பல் மழுங்கும். தப்பி வரும் டார்ட் அதில் இறங்காமல் தெறித்து எறிந்தவரின் காலடிக்கே திரும்பும்.

சிப் போர்டும் வேண்டாம். ஈரம் குடித்தால் ஓரம் பொத்தென்று ஊதும். ஊதிய பிறகு இளைக்காது. கீல் ஸ்குருவை இரண்டு முறை கழற்றி மாட்டினால் பிடிப்பே இருக்காது.

பாலட் மரம் பயன்படுத்துவதாக இருந்தால் முத்திரையைப் படியுங்கள். பாசீர் கூடாங், தஞ்சோங் பெலெப்பாஸ் என்று இரண்டு துறைமுகம் இருக்கும் மாநிலத்தில் பாலட்டுக்குப் பஞ்சமில்லை. பல நாட்டு மரம் அதில் வரும், சில நேரம் நல்ல பைனும் வரும். பக்கவாட்டுக் கட்டையில் கோதுமைக் கதிர் போட்ட முத்திரை இருக்கும். அதற்குள் ‘எச்.டி.’ என்று இருந்தால் சூடேற்றிப் பூச்சி கொன்றது, எடுக்கலாம். ‘எம்.பி.’ என்று இருந்தால் மீதைல் புரோமைடு என்ற நச்சுப் புகை போட்டது, தொடாதீர்கள். முத்திரையே இல்லை என்றாலும் எண்ணெய்க் கறை, ரசாயன வாடை இருந்தாலும் விட்டுவிடுங்கள்.

வாங்கி வந்த அன்றே அறுக்காதீர்கள். சூளையில் காய்ந்த பலகையில் ஈரம் 8 முதல் 12 சதவீதம் இருக்கும். ஜன்னல் திறந்தே இருக்கும் நம் வீட்டில் மரம் மெல்ல ஈரம் இழுத்து ஏறத்தாழ 15 சதவீதத்தில் போய் நிற்கும். ஆகவே பெட்டி எந்த அறையில் தொங்கப் போகிறதோ அந்த அறையிலேயே பலகைகளுக்கு இடையில் சின்னக் கட்டை வைத்து அடுக்கி, ஒரு வாரம் பத்து நாள் விட்டுவிடுங்கள். ஏர்கான் ஓடும் அறை என்றால் அங்கேதான், ஹால் என்றால் ஹாலில்தான். உப்புவது வளைவது எல்லாம் அங்கேயே முடியட்டும், பிறகு அளவெடுங்கள்.

அளவு

முதலில் போர்டை வாங்குங்கள், பிறகு பெட்டியை வரையுங்கள். சைசல் நார் போர்டின் விட்டம் 451 மி.மீ., கனம் ஏறத்தாழ 38 மி.மீ. பிளாஸ்டிக் முனை டார்ட்டுக்கான மின்னணுப் போர்டு என்றால் சட்டம் ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒவ்வொரு அளவு. எறியும் தூரமும் வேறு, 2.44 மீட்டர். கீழே வருவது நார் போர்டுக்கான கணக்கு.

உள் அளவை 560 மி.மீ. என்று நிறுத்தாதீர்கள், 600 வையுங்கள். காரணம் மூலையில் இருக்கிறது. போர்டு வட்டம், பெட்டி சதுரம். நான்கு மூலையும் காலி. டார்ட்டுகளை மாட்டிவைக்கும் சின்னத் தட்டைக் கதவின் உட்பக்கம் கீழ் மூலையில் வைத்தால், கதவு சாத்தும்போது அது அந்தக் காலி இடத்துக்குள் போய் உட்காரும். முனை முதல் இறகு வரை ஒரு டார்ட் ஏறத்தாழ 150 மி.மீ. உயரம், இறகு 40 மி.மீ. அகலம். 560 பெட்டியில் ஒரு மூலைக்கு இரண்டு டார்ட்தான் நிற்கும். மூன்றாவதின் இறகு போர்டின் வட்ட விளிம்பில் இடித்துக் கதவு அரை விரற்கடை திறந்தே நிற்கும். 600 என்றால் மூன்றும் நிற்கும். இரண்டு கதவுக்கும் சேர்த்து ஆறு, இரண்டு ஆட்டக்காரர்களுக்குச் சரியாக இருக்கும். அட்டையில் ஒரு வட்டமும் ஒரு சதுரமும் வெட்டி, டார்ட்டை நிறுத்திப் பார்த்துவிட்டு மரத்தைத் தொடுங்கள்.

ஆழத்தைக் கூட்டாதீர்கள். பெட்டியின் உள் ஆழம் 60 மி.மீ. போதும். போர்டின் பின்னால் ஒரு கட்டை கொடுத்து, போர்டு முகமும் பெட்டியின் முன் விளிம்பும் ஒரே மட்டத்தில் வருமாறு செய்யுங்கள். ஆழமான பெட்டி பார்ப்பதற்குக் கனமாக, ‘பெரிய சாமான்’ போல இருக்கும். ஆனால் ஓரமாக நின்று எறிகிறவரின் டார்ட், இரட்டைப் புள்ளி வளையத்துக்குப் போகும் வழியில் பெட்டிச் சுவரை உரசும். ஆடத் தெரிந்த யாரும் அந்தப் பெட்டியில் ஆட மாட்டார்கள்.

பின்பலகை 12 மி.மீ. பிளைவுட். அதன்மேல் போர்டைச் சுற்றித் தக்கைத் தாளோ, பிள்ளைகள் விளையாட விரிக்கும் ஈவா ஃபோம் பாயோ வெட்டி ஒட்டுங்கள். டார்ட் அதில் இறங்கி நிற்க வேண்டும், தெறிக்கக் கூடாது. வெறும் பிளைவுட் மேல் வார்னிஷ் அடித்து விட்டுவிடாதீர்கள்; ஒரு மாதத்தில் அம்மை போட்ட முகம்தான்.

பெட்டியும் கதவும்

கதவுச் சட்டத்தை 45 பாகையில் சேர்க்காதீர்கள். படச்சட்டம் போல மூலையில் சாய்வாக வெட்டி ஒட்டினால் பார்க்க அழகு. ஆனால் மரம் அகலத்தில்தான் உப்பும், நீளத்தில் கிட்டத்தட்ட அசையாது. சட்டம் ஈரம் குடிக்கக் குடிக்க அந்தச் சாய்வின் கோணமே மாறி, மூலை ஒரு பக்கம் வாய் பிளக்கும். கழுந்து வெட்டித் துளையில் இறக்கத் தெரிந்தவர்கள் அதைச் செய்யுங்கள். தெரியாதவர்கள் இரண்டு துண்டிலும் பாதிப் பாதிக் கனம் வெட்டி ஒன்றன்மேல் ஒன்றை உட்காரவைத்து ஒட்டுங்கள். ரம்பமும் உளியும் இருந்தால் போதும். பசை பிடிக்க நிறைய இடம் கிடைக்கும், பலமான இணைப்பு. முதல் பெட்டிக்கு இதற்கு மேல் வேண்டாம் என்பேன்.

சட்டத்துக்குள் மரப்பலகை வைத்தால் அதை ஒட்டாதீர்கள். காடி வெட்டி அதற்குள் பலகையைச் சும்மா நிறுத்துங்கள், இரண்டு பக்கமும் 2 மி.மீ. இடம் விட்டு. பலகை உள்ளேயே உப்பி வடியட்டும். ஒட்டினால் ஒன்று சட்டம் பிளக்கும், இல்லையென்றால் பலகை வெடிக்கும். 6 மி.மீ. பிளைவுட் வைத்தால் இந்தக் கவலையே இல்லை, அதை ஒட்டலாம். பிளைவுட் போடுவது கௌரவக் குறைச்சல் என்று யாராவது சொன்னால், அவர் வீட்டுக் கதவு டிசம்பரில் எப்படிச் சாத்துகிறது என்று போய்ப் பாருங்கள்.

இரண்டு கதவும் சந்திக்கும் இடத்தில் 3 மி.மீ. இடைவெளி விடுங்கள். வெயில் நாளில் அது கொஞ்சம் அதிகமாகத் தெரியும், பரவாயில்லை. பூட்டுக்குக் காந்தப் பிடி வையுங்கள். நாக்கு உள்ள தாழ்ப்பாள் கதவு உப்பினால் துளையைத் தேடும்.

அலமாரிக்குப் போடும் மறைவுக் கீலை வாங்காதீர்கள். எல்லா ஹார்ட்வேர் கடையிலும் முதலில் எடுத்துத் தருவது அதைத்தான். சாதாரணமாக அது 110 பாகைக்கு மேல் திறக்காது. சமையலறை அலமாரிக்கு அது போதும். டார்ட் பெட்டிக் கதவு சுவரோடு சுவராக 180 பாகை விரிந்து கிடக்க வேண்டும். இல்லையென்றால் எறிகிறவருக்கு இரண்டு பக்கமும் மறைப்புக் கட்டியது மாதிரி இருக்கும், புள்ளி எழுதும் பலகையும் கண்ணுக்குத் தெரியாது. பட்டைக் கீலோ, முழு நீளத்துக்கும் ஓடும் பியானோ கீலோ வாங்குங்கள். பித்தளை அல்லது துருப்பிடிக்காத எஃகு. பொந்தியான் மாதிரிக் கடலோர ஊர்களில் சாதா இரும்புக் கீல் எத்தனை நாள் தாங்கும் என்று அங்கே இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

ஸ்குரு போடும் ஒவ்வொரு இடத்திலும் முன்துளை போடுங்கள். 4 மி.மீ. ஸ்குருவுக்கு 3 மி.மீ. துளை. ரப்பர் மரத்தின் ஓரத்தில் துளையில்லாமல் முறுக்கினால் நார் வழியே கீறல் ஓடும். கதவுச் சட்டத்தில் ஓடினால் அந்தத் துண்டைத் தூக்கிப் போட வேண்டியதுதான்.

புள்ளி எழுத உள்கதவில் கரும்பலகைப் பெயிண்ட் அழகுதான். ஆனால் சுண்ணக்கட்டித் தூள் டார்ட் இறகிலும் கை விரலிலும் ஒட்டும். வெள்ளைப் பலகைத் தாள் ஒட்டி மார்க்கர் வைப்பது சுத்தம்.

மெருகு

உள்ளும் புறமும் ஒரே அளவு பூசுங்கள். வெளியே மூன்று பூச்சு, உள்ளே ஒன்றும் இல்லை என்றால் உள்பக்கம் மட்டும் ஈரம் குடித்துப் பலகை வளையும். கீல் குழிக்குள், பலகையின் அறுத்த முனையில், பெட்டியின் அடியில், யாரும் பார்க்காத முதுகில் எல்லாம் பூசுங்கள். அறுத்த முனைதான் அதிகம் குடிக்கும்.

மழை இருட்டிக்கொண்டு வரும்போது லாக்கர் அடிக்காதீர்கள். தின்னர் ஆவியாகிப் போகும் வேகத்தில் பரப்பு குளிர்ந்து, காற்றிலுள்ள ஈரம் அதன்மேல் இறங்கும். பூச்சு பால் ஊற்றியது மாதிரி வெளுத்துவிடும். ஏப்ரல், அக்டோபரில் மதியத்துக்கு மேல் இடியோடு வரும் மழை நமக்குப் பழக்கம்தானே; காலையில் அடித்து மதியத்துக்குள் காயவைத்து விடுங்கள். நீரில் கரையும் பாலியூரித்தேன் இந்த விஷயத்தில் கொஞ்சம் தாராளம். வீட்டுக்குள் வாடையும் குறைவு.

லின்சீட் எண்ணெய் துடைத்த துணியைக் கசக்கி மூலையில் போடாதீர்கள். அந்த எண்ணெய் காயும்போது சூடு கக்கும். குவிந்து கிடக்கும் துணி தானாகவே தீப்பிடிக்கும். பயமுறுத்தச் சொல்லவில்லை, பட்டறைகள் இப்படி எரிந்திருக்கின்றன. வெளியே விரித்துக் காயப்போடுங்கள், அல்லது தண்ணீர் வாளியில் அமுக்குங்கள்.

உப்புத்தாள் 120, 180, 240 என்று ஏறுங்கள், முகமூடி போட்டுக்கொண்டு. அதற்கு மேல் தேய்ப்பது நேரத்தைக் கொல்லும் வேலை.

மாட்டுவது

போர்டும் பெட்டியும் கதவும் சேர்ந்தால் கனம் கணிசம். போர்டே ஏறத்தாழ 5 கிலோ. கதவு இரண்டும் விரிந்து கிடக்கும்போது மேல் ஸ்குருவை முன்னுக்கு இழுக்கும். ஆகவே ஆணியில் மாட்டாதீர்கள். 18 மி.மீ. பலகையில் ஒரு நீளத் துண்டை எடுத்து நடுவில் 45 பாகைச் சாய்வில் இரண்டாக அறுங்கள். ஒன்றைச் சாய்வு மேலே பார்க்கச் சுவரில் முடுக்குங்கள் (இதுதான் சுவர்ப்பட்டை), இன்னொன்றைச் சாய்வு கீழே பார்க்கப் பெட்டி முதுகில் முடுக்குங்கள். மேலேயிருந்து இறக்கினால் ஒன்றை ஒன்று கவ்விக்கொள்ளும். வீடு மாறும்போது தூக்கி எடுத்துக்கொண்டு போகலாம். இன்னொரு லாபமும் உண்டு: சுவருக்கும் பெட்டிக்கும் நடுவில் 18 மி.மீ. காற்று ஓடும், முதுகில் பூஞ்சணம் பிடிக்காது. கீழேயும் அதே கனத்தில் ஒரு துண்டு வைத்தால் பெட்டி சாயாமல் நிற்கும்.

தாமான் வீட்டுச் சுவர் செங்கல். மேலே சிமெண்டுப் பூச்சு. வால் பிளக் பூச்சோடு நின்றுவிடக் கூடாது, செங்கல்லுக்குள் இறங்க வேண்டும். 50, 60 மி.மீ. ஸ்குரு எடுங்கள்.

எந்தச் சுவர் என்பதில் அவசரப்படாதீர்கள். குளியலறைக்குப் பின்சுவர் ஈரம் கசியும், வேண்டாம். மேற்கு வெயில் நேரே அடிக்கும் சுவர் வேண்டாம், நார் காய்ந்து உதிரும். தெரஸ் வீட்டில் பக்கத்து வீட்டுக்கும் நமக்கும் ஒரே சுவர். அதில் மாட்டினால் நீங்கள் எறியும் ஒவ்வொரு டார்ட்டும் அடுத்த வீட்டு அண்ணிக்குத் ‘டொக் டொக்’ என்று கேட்கும். வேறு சுவரே இல்லையென்றால் சுவர்ப்பட்டைக்கும் சுவருக்கும் நடுவில் ரப்பர் துண்டு கொடுங்கள், ராத்திரி பத்து மணிக்கு மேல் ஆடாதீர்கள். சாமி மேடை இருக்கும் சுவரைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். வீட்டில் பெரியவர்கள் சொல்வதற்கு முன் நீங்களே தவிர்த்துவிடுங்கள். ஆள் வந்து போகும் கதவுக்குப் பக்கத்திலும் கூடாது.

தூரத்தைச் சுவரிலிருந்து அளக்காதீர்கள். பெட்டி செய்கிறவர்கள் கோட்டை விடும் இடம் இதுதான். எறியும் கோடு போர்டின் முகத்திலிருந்து 2.37 மீட்டர். சுவர்ப்பட்டை 18, பின்பலகை 12, ஆழம் 60 என்று கூட்டினால் நம் போர்டு முகம் சுவரைவிட 9 செ.மீ. முன்னே வந்துவிட்டது. சுவரிலிருந்து அளந்து கோடு போட்டால் வீட்டில் 9 செ.மீ. கிட்டத்தில் நின்று பழகி, போட்டிக்குப் போகும்போது எல்லா டார்ட்டும் கீழே இறங்கும். போர்டு முகத்திலிருந்து தூக்குக்குண்டு விட்டுத் தரையில் புள்ளி வைத்து, அங்கிருந்து அளங்கள்.

நடுப்புள்ளியின் உயரம் 1.73 மீட்டர். இதையும் போர்டுக்கு நேர் கீழே இருக்கும் தரையிலிருந்து அளந்தால் சில வீடுகளில் தப்பாகும். கார் போர்ச் தரை மழைத் தண்ணீர் ஓடுவதற்காகக் காணை நோக்கிச் சரிவாக இருக்கும். எறியும் கோடு இருக்கும் தரைமட்டத்திலிருந்துதான் உயரம் எடுக்க வேண்டும். கொத்தனார்கள் செய்வது போல மெல்லிய பிளாஸ்டிக் குழாயில் தண்ணீர் நிரப்பி இரண்டு முனையையும் தூக்கிப் பிடித்தால், சுவரில் மட்டம் எங்கே என்று தண்ணீரே காட்டிக்கொடுக்கும். கடைசியில் ஒரு சரிபார்ப்பு: நடுப்புள்ளியிலிருந்து எறியும் கோட்டுக்கு நாடாவைச் சாய்வாகப் பிடித்தால் 2.93 மீட்டர் காட்ட வேண்டும்.

எறியும் கோட்டுக்கு மேல் காற்றாடி சுழல வேண்டாம். இறகு லேசானது.

தரையில் பாய் விரிக்காமல் ஆடாதீர்கள். நம் வீட்டுத் தரை பெரும்பாலும் டைல்ஸ். விழுந்த டார்ட்டின் முனை அதில் பட்டுக் கொக்கி மாதிரி மடங்கும், கண்ணுக்கே தெரியாத அளவுக்கு. விரலில் தடவினால் பிடிக்கும். அந்தக் கொக்கி ஒவ்வொரு தடவை பிடுங்கும்போதும் போர்டிலிருந்து ஒரு நாரை இழுத்துக்கொண்டு வரும். முனையைத் தேய்க்கச் சின்னச் சாணைக்கல் ஒன்றைப் பெட்டிக்குள்ளேயே வையுங்கள்.

மாட்டிய பிறகு

போர்டைப் பெட்டியில் நிரந்தரமாக ஸ்குரு அடித்துவிடாதீர்கள். எல்லாரும் 20-ஐயே குறிவைப்பதால் அந்த இடம்தான் முதலில் குழியும். போர்டைத் திருப்பி, எண் வளையத்தை மட்டும் கழற்றி 20 மறுபடி உச்சிக்கு வருமாறு மாட்டுங்கள். இரண்டு கட்டம், நான்கு கட்டம் என்று இரட்டைப்படையில் திருப்பினால்தான் 20 கறுப்பிலேயே நிற்கும். இதற்கு வசதியாகப் போர்டின் முதுகு நடுவில் ஒரே ஸ்குருவும், சுவர்ப்பக்கம் அதைத் தாங்கும் பிடியும் வைத்திருக்க வேண்டும்.

நார் போர்டில் தண்ணீர் தெளிக்காதீர்கள். பழைய ஆட்டக்காரர்கள் சிலர் இன்னும் அப்படிச் சொல்வார்கள்; அது எல்ம் மரத் துண்டில் செய்த பழைய போர்டுக்கான வைத்தியம். சைசல் நார் நனைந்தால் உப்பிக் கம்பியைத் தூக்கும். அடைமழை வாரங்களில் ஆட்டம் முடிந்ததும் கதவைச் சாத்தாமல் கொஞ்ச நேரம் திறந்து வையுங்கள். பெட்டியின் மேலும் கீழும் நான்கைந்து சின்னத் துளை போட்டிருந்தால் இன்னும் நல்லது.

வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் மேல் பக்கம் ஒரு தாழ்ப்பாள் போடுங்கள், அவர்கள் கை எட்டாத உயரத்தில். பெட்டிக்குக் கதவு இருப்பதில் இதுவும் ஒரு பாதி வேலை.

காசு மிச்சமாகும் என்று நினைத்து இதில் இறங்காதீர்கள். பலகை, பித்தளைக் கீல், பசை, பூச்சு எல்லாம் சேர்த்தால் கடையில் விற்கும் சாதாரணப் பெட்டி மலிவு. அதில் பெரும்பாலும் மறைவாக இருப்பது நாம் வேண்டாம் என்று சொன்ன அதே அழுத்திய தூள் பலகை. அதன் ஓரம் ஊதி நீங்கள் இன்னொன்று வாங்கும் வருஷத்தில் ரப்பர் மரப் பெட்டி சுவரிலேயே இருக்கும். மர வேலை பிடித்திருந்தால் செய்யுங்கள். பிடிக்கவில்லையென்றால் நல்ல போர்டு ஒன்றை வாங்கி, சுற்றி ஒரு ரப்பர் வளையம் மாட்டிவிட்டு ஆடுங்கள், சுவர் அதிலும் தப்பிக்கும்.